அடுக்களையிலேயே முகப்பூச்சு: செலவு சொற்பம், கவனம் அவசியம்!

சென்னைத் துறைமுகத்தில் கப்பல் ஏறினால் மூன்று நாள் பயணம். கடல் வழியில் 1,190 கிலோமீட்டர். அங்கே இருக்கிறது போர்ட் பிளேர். 2024 செப்டம்பரில் மத்திய அரசு அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் சூட்டியது. கடலை ஒட்டிய அந்நகரின் ஒரு பகுதிதான் மின்னி பே.

அந்தமானில் தமிழர் புதியவர் அல்லர். 2011 மக்கள் கணக்கெடுப்பின்படி, இத்தீவுகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். அரசு அலுவலகத்தில் குமாஸ்தா, துறைமுகத்தில் தொழிலாளி, கட்டட வேலையில் கொத்தனார், அபர்டீன் பஜாரில் கடைக்காரர் என்று எல்லாத் துறையிலும் அவர்கள் இருக்கிறார்கள். ஊர் விட்டு ஊர் வந்த குடும்பங்களில், வந்த சில மாதங்களிலேயே எழும் முறையீடு ஒன்று உண்டு: "முகம் கறுத்துப் போச்சு, வேர்க்குருவும் பருவும் வந்துவிட்டது!"

இந்த முறையீட்டுக்குக் கடைக்காரர் ஒரு டப்பாவை நீட்டுகிறார். பக்கத்து வீட்டு அம்மாள் ஒரு மாவைச் சொல்கிறார். இரண்டில் எது நல்லது? அடுக்களையில் இருக்கும் பொருள்களைக் கொண்டு முகப்பூச்சு செய்துகொள்வது எப்படி? அதில் எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்கள் எவை? மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துவோர் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் இவை.

வெயிலும் ஈரமும்

போர்ட் பிளேர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறத்தாழ பன்னிரண்டு பாகை வடக்கே உள்ள ஊர். ஆகவே வெயில் தலைக்கு நேராகவே அடிக்கும். கடல் நீரில் பட்டுத் திரும்பும் ஒளி வேறு. இந்தியாவின் கிழக்குக் கோடியில் இருப்பதால் கடிகாரத்துக்கும் சூரியனுக்கும் அங்கே ஒத்துப்போவதில்லை. காலை ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடும். அலுவலகம் கிளம்பும் நேரத்துக்குள் வெயில் உச்சியை நெருங்கத் தொடங்கும். மாலை ஐந்தரைக்கே பொழுது சாய்ந்துவிடும்.

ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. சென்னையில் பெய்வதைப் போல் இரண்டு மடங்கு. மே மாதம் தொடங்கினால் டிசம்பர் வரை மழையும் புழுக்கமும்தான். வியர்வை உலர்வதில்லை. உலராத வியர்வை வேர்க்குருவுக்கும் தேமலுக்கும் இடம் கொடுக்கும்.

முகம் கறுப்பதற்குக் காரணம் இந்த வெயில்தான். தோலுக்கு நிறம் தருவது மெலனின் என்னும் பொருள். வெயில் அதிகமாகப் பட்டால் உடல் மெலனினைக் கூடுதலாக உண்டாக்குகிறது. உள்ளே இருக்கும் தோலைக் காப்பதற்காக உடம்பே பிடிக்கும் குடை அது. அந்தக் குடையைப் பிடுங்கி எறிவது அழகுக் கலை ஆகாது. வெயிலைத் தடுத்தால் கூடுதலாக வந்த கறுப்பு சில வாரங்களில் தானாகவே குறையும். பிறவி நிறம் எதைப் பூசினாலும் மாறாது.

அப்படியானால் முகப்பூச்சு எதற்கு? அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் எடுக்கிறது. உதிர்ந்துபோக வேண்டிய செத்த தோலை அகற்றுகிறது. எரிச்சல் தணிக்கிறது. கழுவிய பின் முகத்தில் தெரியும் தெளிவு இதனால் வருவது. இதற்கு மேல் அதனிடம் எதிர்பார்க்கக் கூடாது. இதற்குக் குறைவாக அதை மதிப்பிடவும் வேண்டாம்.

பாட்டி காலத்து மாவு

சோப்பு வருவதற்கு முன்பே தமிழ்நாட்டில் பயற்றம் மாவு இருந்தது. கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்கு நலங்கு வைப்பதும், தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பதும் இந்த மாவு இல்லாமல் நடந்ததில்லை. பச்சைப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர், ஆவாரம்பூ, ரோஜா இதழ் ஆகியவற்றைக் காயவைத்து அரைப்பது வழக்கம்.

பயற்றம் மாவு எப்படி வேலை செய்கிறது? மாவிலுள்ள மாவுச்சத்து எண்ணெயை உறிஞ்சிக்கொள்கிறது. பயறு வகைகளில் சாபோனின் என்ற பொருள் சிறிதளவு உண்டு. சீயக்காய்க்கும் பூந்திக்கொட்டைக்கும் நுரை தருவது அதே சாபோனின்தான். ஆகவே மாவு அழுக்கை எடுத்தாலும் முகத்தைச் சோப்பைப் போல் வறட்டுவதில்லை.

கஸ்தூரி மஞ்சள் வாங்கும்போது ஒரு விஷயம். நல்ல மஞ்சள் நிறத்தில் பளபளவென்று இருப்பதுதான் கஸ்தூரி மஞ்சள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையான கஸ்தூரி மஞ்சள் வெளிர் நிறமானது. கர்ப்பூர வாசனை வீசும். முகத்தில் மஞ்சள் கறை ஒட்டாது. கடைகளில் அந்தப் பெயரில் விற்கும் அடர்ந்த மஞ்சள் கிழங்கு பெரும்பாலும் அதன் ஒன்றுவிட்ட உறவான வேறொரு கிழங்கு. அதனால் கெடுதல் இல்லை என்றாலும் கொடுத்த காசுக்குச் சரக்கு அதுவல்ல. முகர்ந்து பார்த்து வாங்குவது நல்லது.

அந்தமானுக்கு ஏற்ற முறை

ஊரில் கிலோ கணக்கில் அரைத்து வருஷம் முழுவதும் வைத்துக்கொள்வார்கள். தீவில் அது நடவாது. ஈரக்காற்றில் மாவு கட்டி தட்டும், பூஞ்சை பிடிக்கும், வண்டு விழும். பூஞ்சை பிடித்த மாவை முகத்தில் பூசுவது வியாதியை விலைக்கு வாங்குவதாகும். ஒரு தடவைக்கு இருநூறு கிராம் பயறு மட்டும் வெயிலில் நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் அரைத்து, மெல்லிய துணியில் சலித்து, காற்றுப் புகாத பாட்டிலில் வையுங்கள். ஈரக் கரண்டி உள்ளே போகக் கூடாது. வாசனை மாறினால் யோசிக்காமல் கொட்டிவிட வேண்டியதுதான்.

குழைப்பதற்குப் பாலும் தயிரும் தேவை என்ற எண்ணம் வேண்டாம். பால் பவுடரைக் கரைத்துக் காப்பி போடும் வீடுகள் அங்கே பல. ஆனால் தேங்காய்க்குப் பஞ்சமில்லாத தீவு அது. கீழே சொல்லும் பூச்சுகள் எல்லாமே செடி கொடி மரங்கள் தருபவை.

எல்லா முகத்துக்கும்: பயற்றம் மாவு இரண்டு தேக்கரண்டி, கஸ்தூரி மஞ்சள் ஒரு சிட்டிகை, குழைக்கும் அளவுக்கு இளநீர் அல்லது பன்னீர். தோசை மாவை விடக் கெட்டியாக இருந்தால் போதும். முகத்திலும் கழுத்திலும் பூசிப் பத்து நிமிஷம் கழித்துக் கழுவவும்.

வறண்ட முகத்துக்கு: இளநீருக்குப் பதில் முதல் தேங்காய்ப்பால் ஒரு தேக்கரண்டி. பரு உள்ளவர்கள் தேங்காய்ப்பாலும் தேங்காயெண்ணெயும் முகத்தில் சேர்க்கக் கூடாது. அந்தக் கொழுப்பு மயிர்க்கால்களை அடைத்துப் பருவை அதிகப்படுத்தும்.

வெயிலில் நின்று எரியும் முகத்துக்கு: சோற்றுக்கற்றாழை. மடலை அறுத்தவுடன் சோற்றைச் சுரண்டக் கூடாது. அறுத்த பக்கம் கீழே இருக்கும்படி ஒரு கிண்ணத்தில் பதினைந்து நிமிஷம் சாய்த்து வைத்தால், தோலுக்கடியில் உள்ள மஞ்சள் பால் வடிந்துவிடும். அரிப்பு உண்டாக்குவது அந்தப் பால்தான். பிறகு மடலைச் சீவி, உள்ளிருக்கும் கண்ணாடி போன்ற சோற்றை இரண்டு மூன்று தண்ணீரில் அலசித் தடவலாம். துறைமுகத்திலும் சாலை வேலையிலும் நாள் முழுவதும் நிற்கும் ஆண்களுக்கும் இது ஏற்றது. முகப்பூச்சு பெண்களுக்கு மட்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

பொலிவிழந்த முகத்துக்கு: நன்றாகப் பழுத்த பப்பாளித் துண்டு ஒன்றை மசித்துப் பூசி, ஐந்து நிமிஷத்தில் கழுவ வேண்டும். பப்பாளியில் இருக்கும் பப்பெய்ன் செத்த தோலைக் கரைத்து எடுக்கும். இறைச்சி சீக்கிரம் வேகக் காய்ப்பப்பாளி போடுவது இதே பப்பெய்னுக்காகத்தான். காயில் அது பால் வடிவில் மிகுந்து இருப்பதால் முகத்தைப் புண்ணாக்கிவிடும். ஆகவே முகத்துக்குப் பழம் மட்டுமே.

எண்ணெய் வழியும் முகத்துக்கு: வெள்ளரிக்காய்ச் சாற்றில் அரிசி மாவைக் குழைத்துப் பூசலாம். கழுவும்போது அழுத்தித் தேய்க்கக் கூடாது. பரு இருக்கும் முகத்தில் அரிசி மாவின் சொரசொரப்பு பருவைக் கிளறிவிடும்; அவர்களுக்குப் பயற்றம் மாவே நல்லது.

பூச்சு எதுவானாலும் காய்ந்து வெடிக்கும் வரை விட்டுவைக்க வேண்டியதில்லை. இறுகிக் காயும் மாவு தோலின் ஈரத்தையும் சேர்த்து உறிஞ்சும். ஓரங்கள் உலரத் தொடங்கும்போதே நனைத்து எடுத்துவிட வேண்டும். கண்ணைச் சுற்றியும் உதட்டிலும் படக் கூடாது. வாரம் ஒரு முறை போதும். இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். கோடையில் தனிக்காரி அணையில் தண்ணீர் குறைந்து, குழாயில் முறை வைத்து விடும் ஊர் போர்ட் பிளேர். ஒரு செம்புத் தண்ணீரில் கழுவி முடிகிற அளவுக்கு மெல்லியதாகப் பூசினாலே பலன் ஒன்றுதான்.

பர்மாவிலிருந்து வந்த பூச்சு

அந்தமானின் வட கோடி இந்தியக் கரையை விடப் பர்மாக் கரைக்குத்தான் பக்கம். பர்மாவில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த தமிழர்கள், 1964ல் அங்கே கடைகளும் தொழில்களும் அரசுடைமை ஆனபோது, எல்லாவற்றையும் விட்டுத் தாயகம் திரும்பினார்கள். அவர்களுக்காகச் சென்னையில் 1969ல் பர்மா பஜார் எழுந்தது. சில குடும்பங்கள் அந்தமானில் குடியமர்த்தப்பட்டன. மணிப்பூர் எல்லையில் மோரே என்ற ஊரில் ஒரு பகுதியினர் தங்கினார்கள்.

சொத்தைக் கொண்டுவர முடியாவிட்டாலும் பழக்கத்தைக் கொண்டுவர முடிந்தது. அதில் ஒன்று தனக்கா. அது ஒரு மரத்தின் பட்டை. வட்டமான கல் ஒன்றில் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மரத்துண்டைச் சந்தனம்போல் இழைத்தால் வெளிர் மஞ்சள் குழம்பு வரும். பர்மியப் பெண்கள் அதைக் கன்னத்தில் வட்டமாகவோ இலை வடிவிலோ பூசிக்கொண்டு கடைக்கும் வயலுக்கும் போவார்கள். சின்னப் பிள்ளைகளுக்கும் பூசுவார்கள். மற்றப் பூச்சுகளைப் போல் கழுவிவிடாமல், பகல் முழுவதும் முகத்தில் இருக்கும்படி விடுவதே அதன் முறை. குளிர்ச்சி தரும்; எண்ணெய் வழியாது.

இதில் வியப்பு என்னவென்றால், அந்த மரம் தமிழகத்துக்கும் சொந்தமானது. தாவர நூலார் 'நாரிங்கி கிரெனுலேட்டா' என்று அழைக்கும் அந்த மரத்துக்குத் தமிழில் மகாவில்வம் என்று பெயர். சிவன் கோவில்களில் அர்ச்சனைக்கு இலை பறிக்கப்படுவதோடு சரி. அதன் பட்டையை முகத்தில் பூசும் வழக்கம் இங்கே பரவவில்லை. கடல் தாண்டிப் போனவர்கள்தான் நம் ஊர் மரத்தின் இன்னொரு குணத்தைக் கற்று வந்தார்கள். கோவில் மரத்தில் யாரும் கை வைக்க வேண்டாம். பர்மா பொருள் விற்கும் கடைகளில் கட்டையாகவும் பொடியாகவும் தனக்கா கிடைக்கிறது. பொடியில் கலப்படத்துக்கு வழி உண்டு. கட்டையாக வாங்கி இழைப்பதே நம்பகமானது. ஆனால் தனக்காவோ சந்தனமோ பூசியதால் வெயில் தாக்காது என்று எண்ணி வெளியே நிற்பது சரியல்ல. குடைக்கும் தொப்பிக்கும் அவை ஈடாகாது.

இயற்கை என்றால் எல்லாம் நல்லதா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். எருக்கம்பாலும் இயற்கைதான்; அதை யாரும் கண்ணில் விட்டுக்கொள்வதில்லை.

முதல் எதிரி எலுமிச்சை. "எலுமிச்சம்பழச் சாறு தடவினால் கறுப்பு போகும்" என்று சொல்லாத ஆள் இல்லை. அதன் புளிப்பே தோலுக்கு அதிகம். அதற்கு மேல், எலுமிச்சைத் தோலிலும் சாற்றிலும் உள்ள ஃபூரோகூமரின் என்ற பொருள்கள் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுட்டுவிடும். அன்றே தெரியாது. ஒன்றிரண்டு நாளில் சிவக்கும், கொப்புளிக்கும். ஆறிய பிறகு அந்த இடம் பழுப்பாகி, மாதக்கணக்கில் மறையாமல் நிற்கும். கறுப்பைப் போக்கப் பூசியதே கறுப்பைக் கொண்டுவந்துவிடும்.

இரண்டாவது, நலங்கு மாவில் பலர் சேர்க்கும் கார்போக அரிசி. இதில் சோராலென் என்ற பொருள் இருக்கிறது. வெண்புள்ளி உள்ளவர்களுக்குக் கார்போக அரிசியைக் கொடுத்து வெயிலில் நிற்கச் சொல்வது பழைய வைத்திய முறை. நிறமில்லாத இடத்தில் நிறம் வரவழைப்பதற்காகச் செய்வது அது. இக்கால மருத்துவர்களும் சோராலென் மருந்தையும் புற ஊதாக் கதிரையும் சேர்த்து அதே நோய்க்குச் சிகிச்சை செய்தார்கள். அப்படிப்பட்ட சரக்கைச் சிவப்பாக வேண்டும் என்று அரைத்துப் பூசிக்கொண்டு, காலை வெயிலில் பஸ்ஸுக்கு நிற்பது எவ்வளவு முரண்! வீட்டில் அரைக்கும் மாவில் கார்போக அரிசியை விட்டுவிடுவதே உத்தமம்.

ஆகவே ஒரு சுலபமான விதி: முகப்பூச்சு மாலை நேரத்துக்கு உரியது. வேலை முடிந்து, பொழுது சாய்ந்த பின் பூசி, கழுவி, படுக்கைக்குப் போகலாம். சீக்கிரம் இருட்டும் அந்தமானில் இதற்கு நேரமும் தாராளம்.

மஞ்சளும் வேப்பிலையும்கூட எல்லாருக்கும் ஒத்துக்கொள்வதில்லை. எந்தப் புதுப் பொருளையும் முதலில் முழங்கைக்கு உட்புறம் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குப் பூசி, கழுவிவிட்டு, இரண்டு நாள் பார்க்க வேண்டும். அரிப்போ தடிப்போ இல்லாவிட்டால் மட்டும் முகத்துக்கு. கன்னத்தில் படரும் மங்கு, சீழ் வைத்த பரு, பரவும் படை இவற்றுக்கு மாவு மருந்தல்ல. தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

டப்பாவில் இருக்கும் ஆபத்து

"மணமகள் தேவை" விளம்பரங்களில் 'சிவந்த நிறம்' என்ற இரண்டு சொற்கள் எத்தனை வீடுகளின் நிம்மதியைக் குலைத்திருக்கின்றன என்பது பெண்ணைப் பெற்றவர்களுக்குத் தெரியும். அந்தக் கவலையை நம்பி ஒரு பெரிய வியாபாரமே நடக்கிறது. 1975ல் இந்தியாவில் விற்பனைக்கு வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி'கூட, பல தரப்பிலும் கண்டனம் எழுந்த பிறகு, 2020ல் பெயரிலிருந்து 'ஃபேர்' என்ற சொல்லை நீக்கி 'குளோ அண்ட் லவ்லி' ஆயிற்று.

அது பெயர் தெரிந்த கம்பெனியின் சரக்கு. முகவரி இல்லாமல், சீட்டு ஒட்டாமல் அல்லது புரியாத பாஷையில் சீட்டு ஒட்டி, கைமாறி வரும் 'ஒரே வாரத்தில் வெள்ளை' கிரீம்கள் வேறு ஜாதி. அவற்றில் சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுப்பதால் முகம் சீக்கிரம் வெளுக்கும். அதே பாதரசம் தோல் வழியாக ரத்தத்தில் இறங்கிச் சிறுநீரகத்தில் தங்கும். கர்ப்பிணிகள் பூசினால் வயிற்றிலிருக்கும் சிசுவையும் போய்ச் சேரும்.

இது வெறும் பயமுறுத்தல் அன்று. கேரளத்தில் மலப்புறம் மாவட்டத்தில் 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, ஒரு மருத்துவமனைக்குச் சிறுநீரில் புரதம் இறங்கும் ஒருவகைச் சிறுநீரக நோயோடு 22 பேர் வந்தனர். அவர்களில் 15 பேருக்கு அபூர்வமான ஒரே வகை நோய். என்ன காரணம் என்று மருத்துவர்கள் துருவி விசாரித்தபோது, அந்த 15 பேரில் 13 பேர் முகம் வெளுக்கும் கிரீம் பூசி வந்தவர்கள் என்று தெரிந்தது. கிரீமை நிறுத்திய பிறகு பெரும்பாலோருக்கு நோய் தணிந்தது.

இந்தியாவில் 2020ஆம் ஆண்டின் அழகுசாதன விதிகள், கிரீம்களில் பாதரசம் சேர்ப்பதைத் தடை செய்கின்றன. ஆனாலும் கள்ளச் சரக்கு சட்டம் படிப்பதில்லை. வாங்குகிறவர்தான் பார்க்க வேண்டும். தயாரிப்பாளர் முகவரி, லைசென்ஸ் எண், தேதி இல்லாத டப்பாவைத் தொட வேண்டாம். 'மெர்க்குரி', 'கலோமெல்' என்ற சொற்கள் இருந்தால் கீழே வைத்துவிடுங்கள். ஏற்கெனவே பூசி வருபவர்களுக்குக் கால் வீக்கமோ சிறுநீரில் நுரையோ தென்பட்டால், கிரீம் டப்பாவையும் கையோடு எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். வெட்கப்பட்டு மறைத்தால் நோயின் காரணம் பிடிபடாது.

மருந்துக் கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் பூசும் ஸ்டீராய்டு களிம்பும் இப்படித்தான். முதலில் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து சிவந்து, பருவும் மயிரும் கண்டு, களிம்பை விட்டால் எரியும். 2018ல் மத்திய அரசு இத்தகைய 14 களிம்பு மருந்துகளை, டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற பட்டியலில் சேர்த்தது.

மின்னி பேயில் இருந்தாலும் மும்பையில் இருந்தாலும் கணக்கு ஒன்றுதான். இருநூறு கிராம் பயறு ஒரு மாதத்துக்குப் போதும். கொல்லையில் ஒரு தொட்டி கற்றாழை வைத்தால் வருஷம் முழுவதும் வரும். மிச்சப்படும் பணத்தில் ஆளுக்கு ஒரு குடை வாங்கினால், முகம் கறுக்கும் கவலையில் பாதி தீர்ந்துவிடும். மீதிப் பாதி, பெண் பார்க்க வருகிறவர்கள் திருத்திக்கொள்ள வேண்டியது.